அண்ணம் மூடியது, இனிப் பேச்சு வரவேண்டும்

கலஹாவிலிருந்து கண்டிக்குப் புறப்படும் காலை பஸ்ஸில், இடுப்பில் பிள்ளையுடன் ஒரு தாய் ஏறுகிறார். தோளில் ஒரு பை. பைக்குள் கிளினிக் கொப்பி, மாற்றுடுப்பு, ஒரு சின்னக் கோப்பை, ஒரு கரண்டி, ஆறவைத்த கஞ்சி. தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி இறங்கும் அந்த வீதி, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகச் சென்று பிரதான வீதியில் சேர்கிறது. அவர் பேராதனையில் இறங்கிவிடுவார். அவர் போகும் இடம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பல் போதனா வைத்தியசாலை.

"பல்லு முளைக்க முந்தியே பல் ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளை என்ட பிள்ளைதான்" என்று அவர் ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு வருவதற்கு அவருக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

மொழிபெயர்ப்பு உதவிக்காக அவருடன் பலமுறை போய்வந்திருக்கிறேன். இதை எழுத அவர் சம்மதம் தந்தார். "என்ட பேர் வேண்டாம், விஷயம் வரட்டும்" என்றார். ஆகவே இந்தக் கட்டுரையில் அவர் 'தங்கச்சி'. நான் அவரை அப்படித்தான் அழைப்பது. அவர் என்னை முதலில் 'மிஸ்' என்றார், இப்போது 'அக்கா' என்கிறார்.

தங்கச்சியின் தாத்தாவும் பாட்டியும் மலையகத் தோட்டமொன்றில் வாழ்ந்தவர்கள். 1977 வன்செயலின் பின் பல தோட்டக் குடும்பங்களைப்போல அவர்களும் வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். தங்கச்சி பிறந்தது வன்னியில். 2009 இல், தனது 12 ஆவது வயதில், தகப்பனை இழந்தார். அவருடைய தோளில் ஒரு சன்னத் துண்டு இன்னும் இருக்கிறது. பின்னர் படித்தார், திருமணம் செய்தார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். முதற் பிள்ளை ஆண் பிள்ளை. அவனுடைய அண்ணம் பிளந்திருந்தது.

உதடு சரி, உள்ளே பிளவு

உதட்டுப் பிளவு என்றால் பிறந்தவுடன் எல்லோர் கண்ணிலும் படும். அண்ணப் பிளவு அப்படியல்ல. வாயின் மேற்கூரையைத்தான் அண்ணம் என்கிறோம். அதன் முன்பகுதி எலும்பு, பின்பகுதி மென்மையான தசை. வயிற்றில் பிள்ளை வளரும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டவேண்டிய இந்தக் கூரை, சில பிள்ளைகளுக்கு ஒட்டாமல் நின்றுவிடுகிறது. உதடு சரியாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால், வாயைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்க்காதவரை தெரியாது.

தங்கச்சியின் பிள்ளைக்கு அப்படித்தான் நடந்தது. பிறந்த இடத்தில் யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை முலையைப் பிடிப்பான், இழுப்பான், களைத்து விட்டுவிடுவான். குடித்த கொஞ்சப் பாலும் மூக்கால் வரும். "உனக்குப் பால் காணாது" என்றார்கள் வீட்டார். நிறை ஏறவில்லை. வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர்தான் பிள்ளை அழும்போது வாய்க்குள் ரோர்ச் அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். அன்று பிள்ளைக்குப் 11 நாள்.

இந்த ஒரு பார்வை பெரிய பார்வை. பால் மூக்கால் வருவது ஒரிரு தடவை எந்தக் குழந்தைக்கும் நடக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் வந்தால், உறிஞ்ச முடியாமல் பிள்ளை களைத்தால், வாய்க்குள் பார்க்கும்படி கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

பழி யார் மேல்?

அடுத்து வந்தது பழி. கிரகணத்தன்று தேங்காய் துருவினாய் என்றார் ஒரு மாமி. கத்தி எடுத்தாய் என்றார் இன்னொருவர். தமிழர் வீடுகளில் மட்டுமல்ல, சிங்கள வீடுகளிலும் இந்தக் கிரகணக் கதை உண்டு என்பதைப் பின்னர் வைத்தியசாலை வாங்கில் இருந்தபோது தங்கச்சியே தெரிந்துகொண்டார். அவருடைய மனதிலோ வேறொரு கேள்வி இருந்தது. அதை யாரிடமும் கேட்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் என்னிடம் மெல்லக் கேட்டார்: "அக்கா, அந்தக் காலத்தில நாங்கள் சுவாசிச்ச புகையாலயா? இந்தத் துண்டு உடம்புக்குள்ள இருக்கிறதாலயா?"

இதே கேள்வியை வேறு தாய்மாரிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். இந்த இதழை வாசிக்கும் பலர் மனதிலும் இருக்கலாம். அதனால் நாங்கள் அதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடமே கேட்டோம். தோளில் உள்ள துண்டுக்கும் பிள்ளையின் அண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்று அவர் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகளவில் ஏறக்குறைய 700 பிள்ளைகளில் ஒரு பிள்ளை உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கிறது. போரைக் காணாத நாடுகளிலும் பிறக்கிறது, வசதியான வீடுகளிலும் பிறக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தனிக் காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. பரம்பரையும் சூழலும் சேர்ந்து வேலை செய்கின்றன. தாய் புகைத்தல், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. வலிப்பு மருந்து எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது. பிள்ளை வேண்டும் என்று எண்ணும்போதே வைத்தியரிடம் பேசி மாற்றிக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். உதடும் அண்ணமும் உருவாவது கருத்தரித்த முதல் மூன்று மாதத்துக்குள். உதடு ஒட்டும் நாட்களில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. ஆகவே ஏழாம் மாதத்தில் பார்த்த கிரகணம் எதையும் பிளக்கமுடியாது. போலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்க முன்னரே எடுக்கச் சொல்வதும் இதனால்தான். முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க அது உதவுகிறது; பிளவைக் குறைக்கவும் உதவலாம் என்று கருதப்படுகிறது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

கரண்டியால் வளர்ந்த பிள்ளை

அண்ணம் பிளந்த பிள்ளைக்கு உறிஞ்சும் சக்தி இல்லை. ஓட்டை விழுந்த குழாயால் தண்ணீர் இழுப்பதைப்போல, காற்றுத்தான் வரும். பிள்ளையில் குற்றமில்லை, தாயின் பாலிலும் குற்றமில்லை.

கலஹாவில் உள்ள தோட்டமொன்றில் தங்கச்சியின் பெரியம்மா இருக்கிறார். பேராதனைக்குப் போய்வர வசதி என்று தங்கச்சி பிள்ளையுடன் அவருடைய லயத்துக்கு வந்துவிட்டார். தாய்ப்பாலைப் பீச்சி எடுத்து, பிள்ளையை ஏறக்குறைய நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியாலும் கோப்பையாலும் கொடுத்தார்கள். படுக்கவைத்துக் கொடுத்தால் பால் மூக்குக்கும் காதுப் பக்கத்துக்கும் போகும். இந்தப் பிள்ளைகள் காற்றையும் சேர்த்து விழுங்குவார்கள். நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் எடுக்கவேண்டும். ஒரு முறை பால் கொடுக்க அரை மணித்தியாலம் ஆகும். அதற்குமேல் இழுத்தால் குடித்த பாலின் சக்தி குடிப்பதிலேயே போய்விடும். அழுத்தினால் பால் வரும் மென்மையான போத்தல்களும், இந்தப் பிள்ளைகளுக்கென்றே செய்த சூப்பிகளும் உண்டு. கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கரண்டி போதும்.

"பால் பீச்சி, கொடுத்து, கழுவி முடிய அடுத்த பால் நேரம் வந்திரும்" என்றார் தங்கச்சி. பெரியம்மா கொழுந்து பறித்து வந்த கையோடு பிள்ளையை வாங்கிக்கொள்வார். ஆறாம் மாதத்தில் பிள்ளையின் நிறைக்கோடு மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

தள்ளிப்போன திகதி

அண்ணத்தை மூடும் சத்திரசிகிச்சை பெரும்பாலும் 9 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் செய்யப்படுகிறது. மிகவும் முந்திச் செய்தால் தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைக் கட்டிவிடலாம். மிகவும் பிந்தினால் பிள்ளை பிழையான பேச்சுப் பழக்கத்தோடு வளர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் காலம்.

தங்கச்சியின் பிள்ளைக்கு 13 ஆம் மாதத்தில் திகதி கிடைத்தது. முதல்நாள் இரவு இருமல். மறுநாள் மயக்க மருந்து வைத்தியர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டாரிலிருந்து கணவர் கோபப்பட்டார், லயத்தில் அயலவர்கள் "சகுனம் சரியில்லை" என்றார்கள். உண்மையில் அது பிள்ளையைக் காப்பாற்றிய முடிவு. தடிமன், இருமல், காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்தால் சுவாசம் சிக்கலாகும். இரத்தம் குறைவாக இருந்தாலும் தள்ளிப்போடுவார்கள். ஆகவே திகதிக்கு முந்திய கிழமைகளில் பிள்ளையை நெரிசலில் கொண்டுதிரியாமல், கீரை, முட்டை, பருப்பு, மீன் என்று அரைத்துக் கொடுத்து உடம்பைத் தேற்றுங்கள். தள்ளிவைத்தால் மனம் உடைந்து போகாமல் அடுத்த திகதியைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

அடுத்த மாதம் சத்திரசிகிச்சை நடந்தது. வெளியே வாங்கில் இருந்த நேரம் பெரியம்மா கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார். உள்ளே நடந்தது இதுதான்: அண்ணத்தின் இரு பக்கத்துச் சதையையும் எலும்பிலிருந்து தளர்த்தி, நடுவுக்குக் கொண்டுவந்து, மூக்குப் பக்கம் ஒரு படை, தசை ஒரு படை, வாய்ப் பக்கம் ஒரு படை என்று தைத்தார்கள். இதில் முக்கியம் தசைப் படை. பிளந்த அண்ணத்தில் அந்தத் தசைகள் பிழையான திசையில் பிடித்திருக்கும். அவற்றைத் திருப்பி ஒன்றோடொன்று சேர்த்தால்தான் அண்ணம் பின்னர் மேலே தூக்கும். நூல் தானாகக் கரைந்துவிடும்.

முதல் மூன்று கிழமை

பிள்ளையைக் கையில் தந்தபோது தங்கச்சி பயந்துவிட்டார். முகம் வீங்கியிருந்தது, எச்சிலில் இரத்தம் கலந்திருந்தது, குறட்டைபோல மூச்சு. இதுவரை திறந்திருந்த வழி மூடப்பட்டதால் பிள்ளை புதிதாக மூச்சுவிடப் பழகவேண்டியிருந்தது. முதல் இரண்டு நாட்கள் இப்படித்தான் இருக்கும் என்று தாதி சொல்லித் தந்தார். பிள்ளை விரலை வாய்க்குள் விடாதிருக்க இரு முழங்கைகளும் மடியாதபடி பட்டி கட்டியிருந்தார்கள்.

சீன நாட்டில் 1,600 ஆண்டுகளுக்கு முன்னர் வெய் யாங்-சி என்ற ஏழை இளைஞனுக்கு உதட்டுப் பிளவு தைக்கப்பட்டதாகப் பழைய பதிவொன்று உண்டு. 100 நாட்கள் கஞ்சி மட்டும் குடிக்கவேண்டும், பேசவும் சிரிக்கவும் கூடாது என்று அவனுக்குச் சொல்லப்பட்டதாம். பின்னாளில் அவன் பெரிய ஆளுநராக உயர்ந்தான் என்கிறது அந்தப் பதிவு. இன்று 100 நாள் தேவையில்லை, சிரிப்பதற்கும் தடையில்லை. ஆனால் கஞ்சி மாறவில்லை.

தங்கச்சி வீட்டில் கடைப்பிடித்தவை, வைத்தியசாலையில் சொல்லித் தந்தவை:

வடித்த கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர், மரக்கறி சூப் ஆகியவற்றை ஆறவைத்துக் கோப்பையால் கொடுத்தல். கரண்டி பாவித்தால் உதட்டோரம் மட்டும் வைத்தல், உள்ளே விடக்கூடாது. சூப்பிப் போத்தலும் உறிஞ்சு குழாயும் வேண்டாம்.

ஒவ்வொரு முறை குடித்த பின்னும் கொதித்தாறிய தண்ணீர் சில வாய் கொடுத்தல். அதுதான் தையலைக் கழுவும்.

முறுக்கு, பிஸ்கட், ரஸ்க், அப்பளம் எதுவும் வைத்தியர் சொல்லும்வரை இல்லை. விசில், பென்சில், கூரான விளையாட்டுச் சாமான் எதுவும் பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. லயத்தில் ஒரே முற்றத்தில் பத்துப் பிள்ளைகள். "ஆசைக்கு ஒரு துண்டு முறுக்குக் குடுத்தேன்" என்று யாராவது அன்பில் கெடுத்துவிடுவார்கள் என்று, பெரியம்மா லயம் முழுக்க வீடு வீடாகச் சொல்லிவைத்தார்.

கைப்பட்டியை ஒரு கையாக மாற்றி மாற்றிக் கழற்றி, பக்கத்தில் இருந்துகொண்டே கையை அசையவிடுதல்.

வலி மருந்தை நேரத்துக்குக் கொடுத்தல். வலி குறைந்தால்தான் பிள்ளை குடிக்கும்.

புது இரத்தம் வடிந்தால், காய்ச்சல் கூடினால், வாய் நாறினால், மூச்சு முட்டினால், குடிக்க முற்றாக மறுத்தால் காத்திருக்கவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சில கிழமைக்குப் பின் மறுபடி பால் மூக்கால் வந்தால் தையலில் சிறு துவாரம் விழுந்திருக்கலாம். அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்கும் வழி உண்டு. உங்கள் கவனக்குறைவு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அழைப்பில் வராத எழுத்து

சத்திரசிகிச்சைக்கு முன்னர் பிள்ளை ஓரிரு சொல் சொல்லத் தொடங்கியிருந்தான். இரவில் கட்டாரிலிருந்து அழைப்பு வரும். திரையில் தகப்பனின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை உற்சாகமாகக் கூப்பிடுவான்: "அம்மா!" தகப்பன் சிரிப்பார். "நான் இங்க வெயில்ல காயிறன், அவனுக்கு எப்பவும் அம்மாதான்" என்பார். சில நாட்களில் அழைப்பைக் கெதியில் வைத்துவிடுவார். தங்கச்சிக்கு அது குத்தும்.

பிள்ளை சொல்ல முயன்றது 'அப்பா' என்றுதான். அது அப்படி வரமுடியாது. இதைப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த எழுத்துகளைக்கொண்டே விளங்கலாம். க, ச, ட, த, ப, ற வல்லினம். ங, ஞ, ண, ந, ம, ன மெல்லினம். மெல்லினத்துக்குக் காற்று மூக்கால் போகவேண்டும். வல்லினத்துக்குக் காற்று வாய்க்குள் அடைபட்டு, பிறகு விடுபடவேண்டும். அதற்கு மென் அண்ணம் மேலே எழுந்து மூக்கு வழியை மூடவேண்டும். கூரையே பிளந்திருந்தால் காற்று அடைபடாது, மூக்கால் போய்விடும். ஆகவே 'ப' சொல்லப்போனால் 'ம' வரும், 'அப்பா' 'அம்மா' ஆகும். சில பிள்ளைகள் வாயால் முடியாததைத் தொண்டையால் செய்யப் பழகுவார்கள். சொல்லின் நடுவே ஒரு விக்கல்போலக் கேட்கும். அந்தப் பழக்கம் ஊறினால் பிறகு மாற்றுவது கடினம்.

இதை விளங்கப்படுத்தியதும் தங்கச்சி அன்றிரவே கணவருக்குச் சொன்னார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லையாம். பின்னர், "அவன் என்னைத்தான் கூப்பிட்டவனா?" என்று கேட்டாராம்.

ஆனால் சத்திரசிகிச்சை முடிந்ததும் இருந்த ஓரிரு சொல்லும் போய்விட்டது. பிள்ளை வாயே திறக்கவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம். "வெட்டி ஊமையாக்கிப் போட்டாங்கள்" என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார். தங்கச்சி இரவில் எனக்கு அழைத்து அழுதார். பிள்ளைக்கு வாய் புதிது, வலியின் நினைவும் இருக்கிறது; கொஞ்சக்காலம் அமைதியாவது பல பிள்ளைகளிடம் காண்பதுதான் என்று பேச்சு சிகிச்சையாளர் சொன்னார். கேட்கும் சக்தியையும் பரிசோதிக்கச் சொன்னார். அண்ணம் பிளந்த பிள்ளைகளுக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தங்குவது அதிகம். கேட்காத பிள்ளை எப்படிக் கதைக்கும்? பரிசோதனையில் காது பரவாயில்லை என்று தெரிந்தது.

காலியில் கற்ற பாடம்

ஓட்டையை மூடினால் பேச்சு தானாக வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல என்பதை உலகம் கற்றுக்கொண்டதில் நமது நாட்டுக்கும் பங்குண்டு.

1984 இல் லண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ் என்ற பல்சீரமைப்பு நிபுணரும் குழுவினரும் இலங்கை வைத்தியர்களோடு சேர்ந்து காலியில் பிளவுச் சிகிச்சைத் திட்டமொன்றைத் தொடங்கினார்கள். சிகிச்சையே பெறாமல் வளர்ந்த பெரியவர்கள் பலர் அங்கே வந்தார்கள். அவர்களின் முக எலும்புகளை அளந்தபோது மேல்தாடை பெரும்பாலும் நன்றாகவே வளர்ந்திருந்தது தெரிந்தது. ஆகவே சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் காணும் தாடைக் குறைவுக்குச் சத்திரசிகிச்சைத் தழும்பும் முக்கிய காரணம் என்பது விளங்கியது.

அதே குழுவில் டெபி செல் என்ற பேச்சு சிகிச்சையாளர் இருந்தார். வளர்ந்த பின் அண்ணம் மூடப்பட்டவர்களின் பேச்சை அவர் ஆராய்ந்தார். கூரை மூடியும் பலரின் பேச்சு பெரிதாகத் திருந்தவில்லை. பழகிய நாக்கும் தொண்டையும் பழைய வழியிலேயே போயின.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது ஒன்று: காலத்தில் மூடவேண்டும், மூடிய பின் பேச்சைப் பழக்கவேண்டும். முதலாவதை வைத்தியர் செய்வார். இரண்டாவதில் பெரும்பங்கு வீட்டில் இருக்கிறது.

'ப' எழுத்துக்குப் பயிற்சி

நம் நாட்டில் பேச்சு சிகிச்சையாளர்கள் குறைவு, தமிழில் செய்பவர்கள் அதிலும் குறைவு. தங்கச்சிக்குக் கிடைத்தவர் சிங்களம் பேசும் ஓர் இளம் பெண். முதல்நாள் தங்கச்சி, "எங்கட பாஷை தெரியாதவ எப்படிப் பேச்சுப் படிப்பிப்பா?" என்று என் காதில் கேட்டார். அந்தப் பெண் ஒரு சின்னக் கடுதாசித் துண்டைத் தன் உதட்டின் முன் பிடித்து "ப" என்றார். கடுதாசி ஆடியது. பிள்ளை சிரித்தான். அந்த எழுத்து இரண்டு மொழியிலும் ஒன்றுதான். சொற்களைத் தமிழில் தெரிந்து தரும் வேலையை எங்களிடம் விட்டார். பஸ்ஸில் வரும்போதே நானும் தங்கச்சியும் கொப்பியில் எழுதினோம்: பால், பழம், பூ, பந்து, பாய், பாப்பா, தட்டு, தாத்தா, காகம், கதவு. பெரியம்மா இன்னொன்று சேர்த்தார்: அப்பாயி.

வீட்டில் செய்தது இவ்வளவுதான். பிள்ளையின் முகத்துக்கு நேரே இருந்து, தாயின் உதடு தெரிய, நாளாந்த வேலைகளோடு சொற்களைச் சொன்னார்கள். பழம் உரிக்கும்போது "பழம்", பாய் விரிக்கும்போது "பாய்". பிள்ளை பிழையாகச் சொன்னால் "பிழை, திருப்பிச் சொல்லு" என்று சொல்லவில்லை. சரியான சொல்லைத் தாங்கள் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். விருந்தினர் முன்னால் "மாமாக்குச் சொல்லிக் காட்டு" என்று வற்புறுத்தவில்லை. ஒரு நாளில் ஐந்து நிமிடம், ஐந்தாறு முறை. பலூன் ஊதினால், மெழுகுதிரி அணைத்தால் பேச்சு வரும் என்று முன்னர் பலர் சொல்வார்கள். ஊதுவது ஊதத்தான் உதவும், பேச்சுக்குப் பேச்சைத்தான் பழக்கவேண்டும் என்பது இன்றைய சிகிச்சையாளர்களின் கருத்து.

மூக்கால் காற்றுப் போகிறதா என்று பார்க்க ஓர் எளிய வழியும் சொல்லித் தந்தார்கள். சிறு கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடிக்கவேண்டும். 'மாமா' என்றால் ஆவி படியும், அது இயல்பு. 'பாப்பா' என்று சொல்லும்போதும் ஒவ்வொரு முறையும் படிந்தால் கிளினிக்கில் சொல்லவேண்டும்.

சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம். தங்கச்சி வாசலில் இருந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை கையை நீட்டி "பாம்" என்றான். பழம் என்று சொல்லியிருக்கிறான். தங்கச்சி பழத்தை முழுதாக அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பெரியம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். 'அப்பா' வர இன்னும் ஆறு கிழமை எடுத்தது. அது தொலைபேசியில் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படத்தைக் காட்டிச் சொன்னான். அன்றிரவு அழைப்பில் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. மறுநாள் தானாகவே சொன்னான்.

இனி என்ன?

பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது கடந்துவிட்டது. 'ப'வும் 'த'வும் வருகின்றன, 'க'வும் 'ச'வும் இன்னும் தெளிவில்லை. பேச்சையும் காதையும் தொடர்ந்து பார்க்கவேண்டும். சில பிள்ளைகளுக்குப் பேச்சுக்காக இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படும். பிளவு பல்முரசு வரைக்கும் இருக்கும் பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்து 11 வயதுக்குள் அங்கே எலும்பு வைப்பார்கள், பின்னர் பல்லைச் சீர்செய்வார்கள். இது நீண்ட பயணம். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் பஸ் காசும் இழக்கும் நாட்கூலியும் இலவசமல்ல. பல தாய்மார் பேச்சு சிகிச்சையை இடையில் விட்டுவிடுவது இதனால்தான். வெளியே பார்த்தால் பிள்ளை வடிவாக இருக்கிறது, பால் மூக்கால் வருவதில்லை, இனி எதற்கு என்று தோன்றும். அந்த இடத்தில்தான் விடக்கூடாது. தூரம் என்றால் உங்கள் மாவட்டத்துக்கு அருகில் உள்ள பெரிய வைத்தியசாலைக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் போக்குவரத்து உதவி பற்றிக் கேளுங்கள். கொப்பியைத் தொலைத்துவிடாதீர்கள்.

உங்கள் அயலில் ஒரு பிள்ளை மூக்கால் பேசினால், நான்கு வயதாகியும் அவன் சொல்வது வீட்டாருக்கு மட்டும் விளங்கினால், "வளர வளரச் சரிவரும்" என்று சொல்லாதீர்கள். அந்தத் தாயிடம் போய், "வாய்க்குள்ள பார்த்தார்களா?" என்று கேளுங்கள். பழி சொல்லப் பலர் இருப்பார்கள். கூடப் போய்வர ஒருவர் இருந்தால் அந்தத் தாய்க்குப் பாதிச் சுமை குறையும்.

அடுத்த கிளினிக் திகதி இந்த மாதக் கடைசியில். தங்கச்சி கொப்பியின் பின்பக்கத்தில் புதிதாகச் சில சொற்கள் எழுதிவைத்திருக்கிறார். எல்லாம் 'க'வில் தொடங்குபவை. முதற் சொல், கஞ்சி.